கைனசின் புரதம் உண்மையில் ‘நடக்கிறதா’?

விலங்கியல் வகுப்பு — கேள்வி

அனைவருக்கும் வணக்கம். மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பதினோராம் வகுப்புக்கு விலங்கியல் எடுக்கிறேன். நரம்பு செல்லைப் பற்றிய பாடத்தில், செல்லின் உடலில் தயாராகும் பொருள்கள், அதிலிருந்து நீளும் ஆக்ஸான் என்ற நீண்ட இழையின் கடைசி நுனி வரை எப்படிப் போய்ச் சேருகின்றன என்பதைச் சொல்வதற்காக, இணையத்தில் பலரும் பார்த்திருக்கக்கூடிய ஓர் அனிமேஷன் காட்சியைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினேன். கைனசின் என்னும் மோட்டார் புரதம், தன்னைவிடப் பல மடங்கு பெரிய நுண்பை ஒன்றை, அதாவது சரக்கு அடைத்த சவ்வுப் பையைச் சுமந்தபடி, செல்லுக்குள் பாதையாக இருக்கும் நுண்குழலின் மேல் கால் மாற்றிக் கால் வைத்து நிதானமாக நடந்து போகும். சந்தைக்கு மூட்டை சுமந்து போகிற ஆளைப் பார்ப்பது போலவே இருக்கும்.

வகுப்பு முழுவதும் ரசித்துப் பார்த்தது. முடிந்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, அதற்குக் கண்ணும் இல்லை, மூளையும் இல்லை, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். அடுத்ததாக அவள் கேட்டதுதான் என்னை மடக்கியது. ஏ.டி.பி. மூலக்கூறு உடைந்து ஆற்றல் தருகிறது என்று சொன்னேன். “உடைந்தால் சூடுதானே வரும் டீச்சர், கால் எப்படி எழும்பும்?” என்றாள். யோசித்துப் பார்த்தால், பெட்ரோல் எரிகிறது, அதனால் வண்டி ஓடுகிறது என்று நான் சொல்லியிருக்கிறேன். பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று அவள் கேட்டிருக்கிறாள்.

மூன்றாவது கேள்வி வகுப்பே சேர்ந்து கேட்டது. நீரில் மிதக்கும் தூசித் துகளையே நீர் மூலக்கூறுகள் மோதி மோதி அலைக்கழிக்கின்றன என்று பிரௌனியன் இயக்கத்தில் படித்திருக்கிறார்கள். அதைவிட எவ்வளவோ சிறியதான இந்தப் புரதம் ஆடாமல் அசையாமல் நடப்பது எப்படி, அது கீழே விழாதா என்கிறார்கள். அனிமேஷனை நம்பிப் பாடம் எடுத்தது தவறோ என்று இப்போது தோன்றுகிறது. விவரம் தெரிந்தவர்கள், பதினாறு வயதுப் பிள்ளைக்குப் புரியும் அளவிலும், ஆனால் பொய் கலக்காமலும் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


ஒளியிடுக்கி — பதில்

வணக்கம் டீச்சர். முனைவர் பட்டத்துக்காகச் சில ஆண்டுகள் கைனசினோடு மட்டுமே பழகியவன் நான். உங்கள் மாணவி கேட்ட இரண்டாவது கேள்விதான் இந்தத் துறையின் மையக் கேள்வி என்பதை அவளிடம் சொல்லிவிடுங்கள்.

முதலில் பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துக்கொள்வோம். அனிமேஷனில் கால் போலத் தெரியும் இரண்டு உருண்டைகளையும் துறையில் ‘தலை’ என்றே சொல்கிறோம். சுமையைப் பிடித்திருக்கும் மறுமுனைக்கு ‘வால்’ என்று பெயர். தலையால் நடந்து வாலால் சுமக்கும் பிறவி அது. ஒவ்வொரு தலையையும் நடுத்தண்டோடு இணைப்பது, ஏறத்தாழ பதினைந்து அமினோ அமில நீளமே உள்ள ஒரு சிறு பட்டை. அதைக் கழுத்துப் பட்டை என்று வைத்துக்கொள்வோம். அவள் தேடும் பிஸ்டன் அதுதான். இன்னொரு சிக்கல், மூன்று பாஸ்பேட் கொண்டதும் இரண்டு பாஸ்பேட் கொண்டதும் தமிழ் எழுத்தில் ஒன்றுபோலவே வந்துவிடும் என்பது. ஆகவே முதலாவதை ஏ.டி.பி. என்றும், அது ஒரு பாஸ்பேட்டை இழந்த பிறகு மிஞ்சுவதை டைபாஸ்பேட் என்றும் எழுதுகிறேன்.

இப்போது ஓர் அடியை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். முன் தலை நுண்குழலை இறுகப் பற்றி நிற்கிறது; ஏ.டி.பி. உட்காருவதற்காக அதில் இருக்கும் சிறு பை காலியாக இருக்கிறது. பின் தலையின் பையில் டைபாஸ்பேட் இருக்கிறது. அந்த நிலையில் அதனால் நுண்குழலைச் சரியாகப் பற்ற முடியாது, தொங்கிக்கொண்டிருக்கிறது. ஓர் ஏ.டி.பி. மூலக்கூறு வந்து முன் தலையின் பைக்குள் உட்காருகிறது. கவனியுங்கள், இன்னும் எதுவும் உடையவில்லை. அது வந்து உட்கார்ந்ததாலேயே தலையின் உள்வடிவம் சற்று மாறி, அதுவரை தளர்ந்து கிடந்த கழுத்துப் பட்டை, தலையின் மேற்பரப்பிலுள்ள பள்ளம் ஒன்றில் முன்பக்கமாகப் படிந்து ஒட்டிக்கொள்கிறது. பட்டை முன்னே சாயும்போது, அதோடு பிணைந்திருக்கும் பின் தலை முன்னே வீசப்பட்டு, அடுத்த பிடிமானத்தைத் தொட்டு, டைபாஸ்பேட்டை உதிர்த்துவிட்டு இறுகப் பற்றிக்கொள்கிறது. இதற்கிடையே பின்தங்கிவிட்ட தலையில் ஏ.டி.பி. உடைந்து, பாஸ்பேட் வெளியேறி, பிடி தளர்கிறது. ஆகவே ஏ.டி.பி. உடைவது காலைத் தூக்குவதற்கு அல்ல, ஊன்றிய காலை விடுவிப்பதற்கு.

இதற்குச் சான்றாக அழகான ஒரு சோதனை உண்டு. ஏ.டி.பி. போலவே இருந்தாலும் உடைக்க முடியாத போலி மூலக்கூறு ஒன்றைக் கொடுத்தால், மோட்டார் நுண்குழலைப் பற்றிய பிடியை விடாமல் அங்கேயே சிக்கிக்கொள்ளும். கைனசின் கண்டுபிடிக்கப்பட்டதே இந்தத் தந்திரத்தால்தான். 1985இல் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகத்தில், ரொனால்ட் வேல், தாமஸ் ரீஸ், மைக்கேல் ஷீட்ஸ் ஆகியோர், கணவாய் மீனின் மிகப் பெரிய ஆக்ஸானிலிருந்து பிழிந்தெடுத்த சாற்றில், அந்தப் போலி மூலக்கூறைக் கொண்டு மோட்டாரை நுண்குழலோடு ஒட்டவைத்துப் பிரித்தெடுத்தார்கள்.

திசை தெரிவது எப்படி என்ற கேள்விக்குப் பாதி விடை பாதையிலேயே இருக்கிறது. நுண்குழல் என்பது ஆல்ஃபா, பீட்டா என்ற இருவகை டியூபுலின்கள் ஜோடி சேர்ந்து, எல்லா ஜோடிகளும் ஒரே பக்கம் பார்க்கும்படி அடுக்கப்பட்டது. தலை அதில் ஒரே ஒரு வாக்கில்தான் பொருந்தும். எனவே கழுத்துப் பட்டை படியும் பக்கமும் எப்போதும் ஒன்றுதான், நுண்குழலின் நேர்முனைப் பக்கம், அதாவது ஆக்ஸானில் நுனியை நோக்கியிருக்கும் பக்கம். ஒரு ஜோடியின் நீளம் 8 நானோமீட்டர். கைனசின் வைக்கும் அடியும் அதே 8 நானோமீட்டர்.

இந்த 8 என்ற எண்ணைக் கண்ணால் பார்த்த நாளை நான் மறக்கவில்லை. அரை மைக்ரான் அளவுள்ள பிளாஸ்டிக் மணி ஒன்றில் கைனசினை ஒட்டி, லேசர் ஒளியின் குவியத்தில் அந்த மணியைப் பிடித்து, நுண்குழலுக்கு அருகே கொண்டுபோய் வைப்போம். மோட்டார் மணியை இழுக்க இழுக்க லேசர் அதைப் பின்னோக்கி இழுக்கும். இரண்டுக்கும் நடக்கும் இழுபறி திரையில் ஒரு கோடாக ஓடும். அறைக்கு வெளியே யாராவது செருப்பைத் தேய்த்து நடந்தால் அதுவும் கோட்டில் தெரியும் என்பதால் இரவு பதினொரு மணிக்கு மேல்தான் வேலை நடக்கும். கோடு முதலில் நடுங்கிக்கொண்டிருக்கும். திடீரென்று ஒரு படி ஏறும், நிற்கும், இன்னொரு படி ஏறும். மேலே போகப் போகப் படிகளுக்கு இடையிலான காத்திருப்பு நீளும். 6 பைக்கோநியூட்டன் (ஒரு பைக்கோநியூட்டன் என்பது நியூட்டனில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) அளவில் மோட்டார் திணறி நின்று, பிடி நழுவி, மணி சட்டென்று பழைய இடத்துக்கே வந்து விழும். இதே முறையில் 8 நானோமீட்டர் படியை முதன்முதலாக 1993இல் ஸ்டீவன் பிளாக் குழுவினர் அளந்தார்கள். இரு தலைகளும் மாறி மாறித்தான் முன்னேறுகின்றன என்பது, ஒரு தலையில் மட்டும் ஒளிரும் சாயம் ஏற்றிப் பார்த்தபோது 2004இல் தெளிவாயிற்று: சாயம் ஏற்றிய தலை ஓர் அடிக்கு ஏறத்தாழ 16 நானோமீட்டர் தாவுகிறது, அடுத்த அடிக்கு அசையாமல் நிற்கிறது.


வெப்பச் சலனம் — பதில்

மேலே எழுதியிருப்பவரின் விளக்கம் பெரும்பாலும் சரி. ஆனால் ‘பின் தலை முன்னே வீசப்படுகிறது’ என்ற ஒரு சொல்லை நான் ஏற்க மாட்டேன், ஏனென்றால் மாணவர்கள் கேட்ட மூன்றாவது கேள்வியின் விடையை அந்தச் சொல்தான் மறைக்கிறது.

நம் அளவில், வீசிய பொருள் வீசிய வேகத்தில் பறந்து போகும். நானோமீட்டர் அளவில் அது நடக்காது. அங்கே நிலைமம் என்பதற்கு வேலையே இல்லை. மோட்டார் இழுப்பதை நிறுத்தினால், நுண்பை ஓர் அணுவின் அகலத்தைக்கூடக் கடக்காமல் அந்தக் கணமே நின்றுவிடும். தேனுக்குள் நீந்துவது போன்ற அந்த உலகில் எதையும் யாரும் வீச முடியாது. மேலும், கழுத்துப் பட்டை தலையில் படிவதால் கிடைக்கும் ஆற்றலை அளந்து பார்த்தவர்கள், அது மிகச் சிறியது, வெப்ப ஆற்றலைவிட அதிகம் மேலே போகாதது என்று கண்டார்கள். 6 பைக்கோநியூட்டன் எதிர்விசையில் 8 நானோமீட்டர் நகர்வதற்கு அதுபோல் பத்து மடங்குக்கு மேல் வேண்டும்.

அப்படியானால் தலையை முன்னே கொண்டுபோவது எது? பிள்ளைகள் எது தொல்லை என்று நினைத்தார்களோ, அதே நீர் மூலக்கூறுகளின் மோதல்தான். பிடி தளர்ந்த தலை, கட்டப்பட்ட கயிற்றின் நீளத்துக்குள் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் வெறிபிடித்ததுபோல் அலைகிறது. இந்த அலைச்சலில், அடுத்த பிடிமானம் இருக்கும் இடத்தைச் சில மைக்ரோ நொடிகளுக்குள் அது தொட்டுவிடும். கழுத்துப் பட்டை செய்வது, அந்த அலைச்சல் நடக்கும் வட்டத்தை முன்னோக்கி நகர்த்திவைப்பது. பின்னால் இருந்த இடம் கைக்கு எட்டாமல் போக, முன்னால் இருப்பது எட்டும் தூரத்துக்கு வருகிறது. கட்டுத்தறியை நாலடி முன்னே பிடுங்கி நட்டால் மாடு மேயும் இடம் தானாக மாறுகிறதல்லவா, அதுபோல. மாட்டை யாரும் தள்ளவில்லை.

இங்கேதான் ஏ.டி.பி.க்கு உண்மையான வேலை வருகிறது. வெப்ப மோதல்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒரே திசையில் போய்க்கொண்டே இருக்க முடியாது. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி அதை அனுமதிக்காது. முன்னே வைத்த தலை இறுகப் பற்றவும், பின்னே நிற்பது விட்டுவிடவும் வேண்டும். இது ஒருபோதும் தலைகீழாக நடந்துவிடக் கூடாது. அந்த ஒருவழித்தன்மைக்குக் கொடுக்கும் விலைதான் அடிக்கு ஒரு ஏ.டி.பி. முன் தலையின் கழுத்துப் பட்டை பின்னோக்கி இழுபட்டிருக்கும் வரை அந்தத் தலையில் அடுத்த ஏ.டி.பி.யின் வேலை தொடங்காது என்பதால், இரண்டு தலைகளும் ஒரே நேரத்தில் பிடியை விடும் வாய்ப்பும் குறைகிறது.

‘விழாதா’ என்று கேட்டார்கள். விழும், நிச்சயமாக விழும். தனி ஒரு கைனசின் சராசரியாக நூறு அடி, அதாவது ஏறத்தாழ ஒரு மைக்ரான் தூரம் போனதும் நுண்குழலை விட்டுப் பிரிந்துவிடும். நொடிக்கு நூறு அடி வைக்கும் ஒன்றுக்கு இது ஒரு நொடி ஓட்டம்தான். இரண்டோ அதற்கு மேலோ மோட்டார்கள் ஒரே நுண்பையைப் பற்றியிருப்பதால், ஒன்று விழுந்தாலும் மற்றது பிடித்திருக்க, விழுந்தது மறுபடி தொற்றிக்கொள்கிறது.

அனிமேஷனில் பொய் என்று சொல்ல வேண்டுமானால், அந்த நிதானத்தைத்தான் சொல்வேன். ஓர் அடிக்கு ஆகும் 10 மில்லி நொடியில், இடம் மாறுவதற்கு ஆவது மிகச் சிறிய பங்கு. மிச்சமெல்லாம் காத்திருப்பும் நடுக்கமும். ஆனாலும் அதன் சிக்கனத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. செல்லுக்குள் ஓர் ஏ.டி.பி. தரக்கூடியது 80 முதல் 100 பைக்கோநியூட்டன்-நானோமீட்டர். அதிக அளவு சுமையில் கைனசின் செய்யும் வேலை 6 பெருக்கல் 8, அதாவது 48. பாதிக்குப் பாதி.


ஒளியிடுக்கி — பதில்

‘வீசப்படுகிறது’ என்பதைத் திரும்பப் பெறுகிறேன். கட்டுத்தறி உவமை மேலானது. ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். பட்டை படிவது சும்மா ஒரு சாய்வு காட்டுவதோடு நின்றுவிடுவதில்லை, தலையின் தொடக்க முனையிலுள்ள இன்னொரு சிறு இழையும் அதோடு சேர்ந்து ஒரு கற்றையாகி விசை தருகிறது என்று 2008 முதல் சான்றுகள் வந்திருக்கின்றன. ஆகவே தள்ளல் கொஞ்சம், அலைச்சல் மிகுதி என்று சொன்னால் இருவருக்கும் பழுதில்லை. திசையைத் தீர்மானிப்பது கழுத்து என்பதற்கும் நேரடிச் சான்று உண்டு. பழ ஈயிலுள்ள என்.சி.டி. என்ற உறவுக்காரப் புரதம், ஏறத்தாழ இதே தலையை வைத்துக்கொண்டு எதிர்த்திசையில் போகிறது. 1997இல் அதன் தலையை எடுத்துக் கைனசினின் கழுத்தில் பொருத்தியபோது, அது கைனசின் போகும் திசையிலேயே போனது.


விலங்கியல் வகுப்பு — கேள்வி தொடர்ச்சி

இருவருக்கும் மிக்க நன்றி. நாளைக்கே கட்டுத்தறியைக் கரும்பலகையில் வரைந்துவிடுவேன். பிள்ளைகள் இன்னும் இரண்டு கேள்வி கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். சுமை இல்லாதபோதும் இது ஏ.டி.பி.யைச் செலவழித்துக்கொண்டு வெறுமனே நடந்துகொண்டிருக்குமா? நுனிக்குப் போன பொருள் திரும்பி வர வேண்டுமானால் அதே மோட்டார் பின்னோக்கி நடக்குமா?


நரம்பியல் மாணவி — பதில்

முதல் கேள்விக்கு விடை, இல்லை என்பதே. சுமை பிடிக்காத கைனசின் தன் நடுத்தண்டிலேயே மடிந்து, வால் வந்து தலைகளைத் தொட்டு அவற்றின் வேலையை நிறுத்திவைக்கிறது. சுமை வந்து வாலைப் பற்றும்போதுதான் அது நிமிர்கிறது. ஆட்டோ ஸ்டாண்டில் எஞ்சினை அணைத்துவிட்டு நிற்பது போலத்தான்.

திரும்பி வருவதற்கு வேறு மோட்டார் இருக்கிறது; அது டைனீன். இயன் கிப்பன்ஸ் 1965இல் அதற்குப் பெயர் வைத்தபோது, செல்லின் மேற்பரப்பில் மயிர்போல் நீண்டிருக்கும் குற்றிழைகளை அசைக்கும் புரதம் என்றுதான் அதை அறிந்திருந்தார்கள். செல்லுக்குள் சுமை இழுப்பதும் அதன் உறவினரே என்று 1987வாக்கில் தெரியவந்தது. கைனசினின் தலை 350 அமினோ அமிலங்களுக்குள் அடங்கிவிட, டைனீனின் ஒரு சங்கிலியே 4,600ஐத் தாண்டுகிறது. ஆறு பகுதிகள் சேர்ந்த வளையம் ஒன்று ஏ.டி.பி.யைக் கையாள, அந்த வளையத்திலிருந்து நீளும் 15 நானோமீட்டர் காம்பின் நுனிதான் நுண்குழலைத் தொடுகிறது, அதாவது ஏ.டி.பி. உட்காரும் செய்தி அந்தக் காம்பின் வழியாகப் போய்த்தான் பிடியை மாற்றுகிறது. நடையிலும் கைனசினின் ஒழுங்கு இதற்கு இல்லை. அடி சிறிதும் பெரிதுமாக வரும், பக்கத்து வரிசைக்குத் தாவும், சில நேரம் பின்னாலும் வைக்கும்.

இதைக் குறையென்று பார்க்க வேண்டியதில்லை. ரூப் மல்லிக்கும் உடன் ஆய்வாளர்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், சுமை குறைவாக இருக்கும்போது 24 முதல் 32 நானோமீட்டர் வரை நீண்ட அடி வைக்கும் டைனீன், சுமை கூடும்போது அடியை 8 நானோமீட்டராகக் குறைத்துக்கொள்கிறது என்று காட்டினார்கள். மேட்டில் ஏறும் வண்டி கியரைக் குறைப்பது போல. பின்னர் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் அவர் குழு செய்த ஆய்வில், தனியாகப் பலம் குறைந்த டைனீன்கள் பல கூடினால் சுமையைச் சமமாகப் பகிர்ந்துகொண்டு பெருவிசை தருகின்றன என்பதும் தெரிந்தது. பாதையில் டாவ் போன்ற புரதங்கள் ஒட்டியிருந்தால் கைனசின் பெரும்பாலும் அங்கே கழன்றுவிடுகிறது. டைனீனோ நின்று திரும்பியாவது பார்க்கிறது. ஆக்ஸானின் நுனிக்கு டைனீன் போய்ச் சேருவது எப்படி என்றால், கைனசின் அதைச் சுமந்துகொண்டு போகிறது!

இதெல்லாம் இல்லாமல் வெறும் விரவலால், அதாவது மோதல்களில் தானாகவே பரவி, பொருள் போய்ச் சேராதா என்றும் ஒரு பிள்ளை கேட்கக்கூடும். 100 நானோமீட்டர் நுண்பை ஒன்று, தடையே இல்லாத சுத்தத் தண்ணீரில் ஒரு மீட்டர் விரவிச் செல்வதற்கு மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். முதுகுத்தண்டிலிருந்து கால் விரல் வரை நீளும் ஆக்ஸானின் நீளம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான்.

மருத்துவமனையில் இதை நேரில் பார்க்கலாம். நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கும் வின்கிரிஸ்டின், டியூபுலினைப் பற்றிக்கொண்டு நுண்குழல்களைக் குலைக்கும் புற்றுநோய் மருந்து. அது ஏறும் நோயாளிகள் பலர் முதலில் சொல்வது, பாதமும் விரல் நுனிகளும் மரத்துப்போகின்றன என்பதே. மிக நீண்ட ஆக்ஸான்கள்தான் முதலில் அடிவாங்குகின்றன. நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் உள்ள கோல்ச்சிசினும் டியூபுலினைப் பற்றுவதுதான். கண்வலிக் கிழங்கு என்ற பெயரில் அதைப் பயிரிடுகிறவர்கள் குழந்தைகளை அருகில் விடாததற்குக் காரணம் உண்டு. கைனசின் வகைகளில் ஒன்றுக்கான கே.ஐ.எஃப்.5ஏ மரபணு பழுதானால், கால்கள் விறைத்துப் போகும் பரம்பரை நோய் ஒன்று வருகிறது. அங்கேயும் பாதிப்பு கால்களில்தான் தொடங்குகிறது.


விலங்கியல் வகுப்பு — கேள்வி தொடர்ச்சி

மிகவும் பயனாக இருந்தது. கணக்கு ஒன்று இடிக்கிறது. நொடிக்கு நூறு அடி, அடிக்கு 8 நானோமீட்டர் என்றால் நொடிக்கு 800 நானோமீட்டர்; ஒரு மீட்டருக்குப் பதினான்கரை நாள் ஆகிறது. ஆனால் நான் வைத்திருக்கும் கல்லூரிப் புத்தகத்தில் வேகமான ஆக்ஸான் கடத்தல் நாளுக்கு 400 மில்லிமீட்டர் வரை என்று போட்டிருக்கிறது. அப்படியானால் இரண்டரை நாளில் போய்விட வேண்டுமே?


ஒளியிடுக்கி — பதில்

இரண்டு எண்களும் சரிதான். 800 என்பது ஆய்வகத்தில், 25 டிகிரி வெப்பநிலையில், கைனசின்-1 என்ற ஒரு வகையை வைத்து அளந்தது. 37 டிகிரியில் அதுவே கணிசமாக வேகமெடுக்கும். தவிர, நரம்பில் நுண்பைகளை இழுப்பதில் கைனசின்-3 குடும்பத்தைச் சேர்ந்த கே.ஐ.எஃப்.1ஏ முக்கியமானது, அறை வெப்பநிலையிலேயே அது கைனசின்-1ஐவிட இரண்டு மடங்குக்கு மேல் வேகமாகப் போகும், ஒரே ஓட்டத்தில் கடக்கும் தூரமும் பல மடங்கு. 400 மில்லிமீட்டர் என்பது நொடிக்கு ஏறத்தாழ நாலரை மைக்ரான். அது கூட்டத்தில் மிக வேகமாகப் போகும் சரக்குக்கு உரிய உச்ச அளவு. மைட்டோகாண்ட்ரியா போன்றவை வழியில் நின்று நின்று போவதால் அவற்றின் சராசரி இதைவிட மிகவும் குறைவு. வகுப்பில் கணக்காகவே கொடுங்கள்; பதினான்கரை நாளை முதலில் அவர்களே கண்டுபிடிக்கட்டும்.